தென்னந்தோப்பை வானிலிருந்து பார்த்தவர்: பி. ஆர். பிஷாரடி



சென்ற கூட்டத்தில் தென்னை மரங்களைப் பற்றிப் பேச்சு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஓலையெல்லாம் கருத்துப்போய், அடியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, வாசலில் நிறுத்திய வண்டி மேலும் கறை படிகிறது என்று ஐந்தாறு பேர் சொன்னார்கள். வாடல் நோய் வந்துவிட்டது, வெட்டிவிடலாம் என்றார் ஒருவர். இன்னொருவர், ட்ரோன் வைத்துப் படம் எடுத்தால் எந்த மரத்தில் நோய் என்று தெரிந்துவிடுமாமே, நாமும் செய்து பார்க்கலாமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த இதழுக்கு ஒரு மனிதரின் கதை கிடைத்தது. வானத்திலிருந்து தென்னையைப் படம் எடுத்து நோய் கண்டுபிடிக்கும் வேலையை இந்தியாவில் 1970-லேயே செய்து காட்டியவர் அவர். பெயர் பிஷரோத் ராம பிஷாரடி. இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று அறிவியல் புத்தகங்களில் இவர் பெயரைப் பார்க்கலாம்.

பிஷாரடி 1909-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி கொல்லங்கோட்டில் பிறந்தார். இன்று அது கேரளாவில் பாலக்காடு மாவட்டம். அன்றைக்கு மலபார் மாவட்டம், அதாவது நம் சென்னை மாகாணம்தான். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போனால் வழியில் கொல்லங்கோடு ஸ்டேஷன் வரும். சுற்றிலும் நெல் வயலும் தென்னையும் உள்ள ஊர். படிப்பு இயற்பியல். படித்து முடித்தபின் சென்னை லயோலா கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தார். 1930-களில் அங்கே பாடம் நடத்தினார்.

கல்லூரி வாத்தியார் வேலையில் கோடை விடுமுறை என்பது ஒரு வசதி. ஊருக்குப் போய் ஓய்வெடுக்கலாம். இவர் பெங்களூருவுக்குப் போனார். சர் சி. வி. ராமன் அப்போது அங்கே இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தார். விடுமுறைக்கு விடுமுறை அவரிடம் போய் ஆராய்ச்சி வேலை செய்துவிட்டு, கல்லூரி திறக்கும்போது சென்னைக்குத் திரும்புவார். ஒரு பொருளின் மேல் ஒளி பட்டால் என்ன ஆகிறது, திரும்பி வரும் ஒளி அந்தப் பொருளைப் பற்றி என்ன சொல்கிறது என்பதுதான் ராமனுடைய ஆராய்ச்சியின் உயிர். பின்னாளில் பிஷாரடி செய்த வேலைக்கும் அதுவே அடிப்படை. விதை அங்கேதான் விழுந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1942-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அடுத்த 25 வருடம் காற்று, மழை, இடி, பருவமழைக் காலத்துத் தாழ்வு மண்டலம் என்றே போனது. நடுவில் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். நவீன வானிலை முன்னறிவிப்புக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான நார்வே நாட்டு ஜேக்கப் பியர்க்னெஸ் உருவாக்கிய துறை அது. திரும்பி வந்தபின் பம்பாய் கொலாபா, அலிபாக் காந்தப்புல ஆய்வகங்களுக்கு இயக்குநர். 1962-இல் புனேயில் வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர். நம் ஊருக்கு மழை வருமா வராதா என்று டிவியில் சொல்கிறார்களே, அதற்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சியில் பெரும்பங்கு இன்றைக்கும் அந்த நிறுவனத்தில் நடக்கிறது.

அந்தக் காலத்தில் அவர் சொன்ன ஒரு கருத்து பெரிய விவாதமானது. தென்மேற்குப் பருவமழைக்கான ஈரம் எங்கிருந்து வருகிறது? பூமத்திய ரேகைக்குத் தெற்கிலிருந்து கடல் தாண்டி வருகிறது என்பதே அதுவரை பொதுவான கருத்து. இந்தியப் பெருங்கடலில் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஆய்வுப் பயணத்தின் அளவுகளை வைத்து அவர் கணக்குப் போட்டார். பெரும்பகுதி அரபிக் கடலிலேயே ஆவியாகி வருகிறது என்று 1965-இல் எழுதினார். பின்னால் வந்தவர்கள் இன்னும் நல்ல அளவுகளை வைத்துப் பார்த்துவிட்டு, தெற்கிலிருந்து வரும் பங்கும் அதிகம்தான் என்று திருத்தினார்கள். ஆனாலும் அந்தக் கேள்வியை எண்களோடு கேட்க வைத்தவர் அவர்தான்.

1967-இல் பணி ஓய்வு. வயது 58. நம் சங்கத்தில் பாதிப் பேர் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவீர்கள் என்று தெரியும். நாட்டுக்கு அவரை நினைவிருப்பது இதற்குப் பிறகு அவர் செய்த வேலைக்காக.

விக்ரம் சாராபாய் அவரை அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அழைத்துக்கொண்டார். ராக்கெட் விடுவது இருக்கட்டும், மேலே போனால் கீழே இருக்கிற விவசாயிக்கு என்ன பிரயோஜனம் என்பது சாராபாய் விடாமல் கேட்டுவந்த கேள்வி. நம்மிடம் அப்போது செயற்கைக்கோள் கிடையாது. முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா போனதே 1975-இல்தான். அதனால் இருப்பதை வைத்துத் தொடங்கினார்கள்.

எடுத்துக்கொண்டது கேரளத்துத் தென்னை. அங்கே வேர்வாடல் நோய் என்று ஒன்று 1880-களிலிருந்தே இருக்கிறது. மரம் உடனே சாகாது. ஓலையின் இலைகள் விலா எலும்பு போல உள்பக்கமாக வளையும், மஞ்சளாகும், காய்ப்பு வருடா வருடம் குறையும். இதை ஆராய்வதற்கென்றே காயங்குளத்தில் 1947-இல் ஓர் ஆய்வு நிலையம் வைத்தார்கள். தொந்தரவு என்னவென்றால், கண்ணுக்கு அடையாளம் தெரியும்போது நோய் மரத்துக்குள் எப்போதோ குடிபுகுந்திருக்கும். பக்கத்து மரங்களுக்கும் போயிருக்கும். எவ்வளவு பரப்பில், எந்தெந்தத் தோப்பில் என்று கணக்கெடுக்க வேண்டுமென்றால் ஆட்கள் மரம் மரமாக நடந்து பார்க்க வேண்டும். லட்சக்கணக்கான மரங்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அவர் என்ன செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். டிவி ரிமோட்டை எடுத்து அதன் முனையை உங்கள் செல்போன் கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பல போன்களின் திரையில் ஒரு வெளிச்சம் மினுக்கும். பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமராவில் பாருங்கள். அதுதான் அகச்சிவப்பு. சிவப்பு நிறத்தைத் தாண்டி, நம் கண்ணால் பிடிக்க முடியாத ஒளி. 1800-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர், முப்பட்டகக் கண்ணாடியில் பிரிந்த நிறங்களின் ஓரத்தில், சிவப்புக்கும் அப்பால் வெப்பமானியை வைத்துவிட்டு, ஒளியே இல்லாத இடத்தில் சூடு ஏறுவதைப் பார்த்துக் கண்டுபிடித்தது.

இலை நமக்குப் பச்சையாகத் தெரிவது, அது சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையைக் கொஞ்சம் திருப்பி அனுப்புவதால். ஆனால் அகச்சிவப்பை இலை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். இலைக்குள் இருக்கும் செல்களும் இடையே உள்ள காற்றறைகளும் சேர்ந்து, விழுவதில் பாதிக்குக் கிட்ட வாரி இறைத்துவிடும். அகச்சிவப்பைப் பார்க்கும் கண் நமக்கு இருந்தால் கரும்புத் தோட்டம் வெயிலில் பளீரென்று ஜொலிக்கும். மரத்துக்கு நோய் வந்து இலையின் உள்கட்டு குலையத் தொடங்கினால் அந்த ஜொலிப்பு மங்கும். பச்சை நிறம் மாறுவதற்கு முன்பே இது நடக்கக்கூடும். அதுதான் விஷயம்.

இது முதலில் விவசாயத்துக்காக வந்ததல்ல, போருக்காக வந்தது. இரண்டாம் உலகப் போரில் பீரங்கிகளை மரக்கிளையாலும் பச்சை வலையாலும் மூடி மறைத்தார்கள். பச்சைச் சாயம் கண்ணை ஏமாற்றும். ஆனால் சாயம் இலையைப் போல அகச்சிவப்பை இறைக்காது. வெட்டிய கிளையும் வாட ஆரம்பித்ததும் காட்டிக்கொடுத்துவிடும். இதற்காகவே அமெரிக்காவில் ஒரு வண்ணப் பிலிம் தயாரித்தார்கள். அதில் அகச்சிவப்பு சிவப்பாகவும், சிவப்பு பச்சையாகவும், பச்சை நீலமாகவும் பதியும். செழிப்பான காடு ரத்தச் சிவப்பாக இருக்கும். நடுவில் மறைத்துவைத்த வண்டி வேறு நிறத்தில் அசிங்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

அந்த வகை அமெரிக்கப் பிலிமையும் ஒரு சோவியத் ஹெலிகாப்டரையும் வைத்துத்தான் 1970-இல் கேரளத் தோப்புகளுக்கு மேலே படம் எடுத்தார்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம், இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று வேவு பார்த்துக்கொண்டிருந்தன. இங்கே இரண்டு பேர் சாமானும் ஒரே தென்னந்தோப்புக்கு மேலே சேர்ந்து பறந்தது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் இதில் கூட்டு. படத்தில் நல்ல தென்னையின் தலை சிவப்பாகவும், நோயுற்றது நிறம் மங்கியும் விழுந்தது. தரையில் போய்ச் சரிபார்த்தார்கள். இந்தியாவில் தொலையுணர்வு இப்படித்தான் ஆரம்பித்தது. அப்போது பிஷாரடிக்கு வயது 61. அதே ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

இதனால் கேரளத் தென்னை பிழைத்ததா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நோய் எங்கே இருக்கிறது என்று படம் காட்டும். மருந்து அது தராது. வேர்வாடலுக்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகை நுண்ணுயிர் என்பதே 1980-களில்தான் தெளிவானது. சாறு உறிஞ்சும் பூச்சிகள் அதை மரத்துக்கு மரம் கடத்துகின்றன. இன்றும் குணமாக்கும் மருந்து இல்லை. முற்றிய மரத்தை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, தாங்கும் ரகத்தை நட வேண்டியதுதான். அந்த நோய் இப்போது மலை தாண்டி கம்பம், பொள்ளாச்சிப் பக்கமும் வந்து, அங்கே விவசாயிகள் காய்த்த மரங்களை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிஷாரடி பிறந்த ஊருக்குப் பக்கத்து ஊர்தான் பொள்ளாச்சி.

ஆனால் அந்தப் படங்கள் வேறொன்றைச் செய்தன. வானத்திலிருந்து பார்த்தால் நிலத்தின் நலம் தெரியும் என்று அரசாங்கத்துக்குக் காட்டின. அதன்பின் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் தொலையுணர்வு, செயற்கைக்கோள் வானிலைப் பிரிவுக்குப் பிஷாரடி தலைமை ஏற்றார். 1979-இல் பாஸ்கரா, 1988 மார்ச் 17-இல் ஐஆர்எஸ்-1ஏ என்று நம் செயற்கைக்கோள்கள் போயின. ஐஆர்எஸ்-1ஏ நான்கு நிறப்பட்டைகளில் பார்த்தது, நான்காவது அகச்சிவப்பு. அதன் ஒரு கேமராவின் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 72.5 மீட்டர் சதுரம், நம் கணக்கில் ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் அதிகம். இன்னொரு கேமராவில் சுமார் 32 சென்ட். தனித் தென்னை தெரியாது, ஆனால் ஏரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எங்கே கரும்பு, எங்கே தரிசு என்பது தெரியும்.

இப்போது இன்னும் முன்னேறிவிட்டது. மூன்று நான்கு பட்டைகளுக்குப் பதில், ஒளியை மிக மெல்லிய சீவல்களாக நறுக்கி ஒவ்வொன்றிலும் ஒரு படம் எடுக்கிறார்கள். 2008 ஏப்ரலில் போன ஐஎம்எஸ்-1 என்ற நம் சின்னச் செயற்கைக்கோளில் இருந்த கருவி 64 சீவல்களில் எடுத்தது. 2018 நவம்பர் 29-இல் போன ஹைசிஸ் அகச்சிவப்பில் இன்னும் தூரம் போய்ப் பார்க்கக் கட்டப்பட்டது. இதை மீநிறமாலைப் படம் என்கிறார்கள். இதனால் என்ன லாபம்? மரவள்ளிக் காட்டு நடுவே பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு தகரக் கொட்டகை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நிறத்தில் பார்த்தால் இரண்டும் பச்சை. நூறு சீவலில் பார்த்தால் இலையின் கோடு ஓரிடத்தில் விறுவிறுவென்று மேலே ஏறும், தகரத்தின் கோடு ஏறாது. ஒவ்வொரு பொருளுக்கும் கைரேகை போல ஒரு கோடு. கொட்டகை படத்தின் ஒரு புள்ளியை விடச் சின்னதாக இருந்தால்கூட, சுற்றியிருக்கும் பயிரின் கோட்டோடு அதன் கோடு கலந்திருப்பதைக் கணக்குப் போட்டுப் பிரித்துவிட முடியும்.

இதில் ஒரு குழப்பம் பலருக்கு உண்டு. அகச்சிவப்பு என்றாலே சூடு என்று நினைக்கிறோம். கொரோனா சமயத்தில் நெற்றியில் துப்பாக்கி மாதிரி ஒன்றைக் காட்டினார்களே, அது பார்த்தது வெப்ப அகச்சிவப்பு, இன்னும் நீண்ட அலை, பொருள் தானே வெளியிடுவது. இலை இறைப்பது சூரியனிடமிருந்து வந்தது. இரண்டும் வேறு. நம் தியாகதுருகம் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் கோட்டைப் பாறை பகல் முழுக்கக் காய்ந்து, ராத்திரி எட்டு மணிக்கும் கை வைத்தால் சுடும். வெப்பக் கேமராவில் அப்போது பாறை வெளிச்சமாகவும் புதர்கள் இருட்டாகவும் தெரியும். விடியற்காலைக்குப் பின் ஒரு நேரமும், சாயங்காலம் ஒரு நேரமும் இரண்டின் சூடும் சமமாகி, பாறை எது புதர் எது என்று கேமராவுக்கே தெரியாமல் போகும். கோடையில் கல்வராயன் போன்ற மலைக்காடுகளில் தீப்பிடித்தால் வனத்துறைக்குச் செல்போனில் எச்சரிக்கை போவதும் இப்படி வெப்பம் பார்க்கும் செயற்கைக்கோள்களால்தான்.

பிஷாரடியின் கடைசிக் காலத்து வேலை நமக்கு இன்னும் நெருக்கமானது. செயற்கைக்கோளை விட்டுவிட்டு அவர் மழைக்கே திரும்பினார். இந்தியாவில் மழை எப்படிப் பெய்கிறது என்று எண்ணிப் பார்த்தார். வருடத்துக்கு 8,760 மணி நேரம். அதில் ஓரிடத்தில் மழை பெய்வது சுமார் 100 மணி நேரம்தான். அந்த நூறிலும் பாதி மழை 20, 30 மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஐரோப்பா மாதிரி வருடம் முழுக்கத் தூறுவதில்லை. ஆகவே அந்தச் சில மணி நேரத்தில் விழுவதை விழுந்த இடத்திலேயே பிடித்தால்தான் உண்டு, ஏரியும் குளமும் வெட்டிய நம் முன்னோர் இந்தக் கணக்கைத் தெரிந்தே வெட்டினார்கள் என்பது அவர் வாதம். மழைநீர்ச் சேகரிப்பைப் பற்றி 1990-களில் எழுதியவர்கள் பலரும் அவர் எண்களைத்தான் எடுத்தாண்டார்கள். உலக வானிலை அமைப்பின் உயரிய விருது 1989-இல் அவருக்குக் கிடைத்தது. 2002 செப்டம்பர் 24-இல், தன் 93-வது வயதில் காலமானார்.

இனி நம் தென்னைக்கு வருவோம். ஓலையின் மேல் கரி படிவது வேர்வாடல் அல்ல. 2016-இல் பொள்ளாச்சியில் முதலில் கண்டறியப்பட்டு மாநிலம் முழுக்கப் பரவிய சுருள் வெள்ளை ஈயின் வேலை. ஓலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளையாகப் படிந்திருக்கும். அது கழிக்கும் தேன் போன்ற கழிவின் மேல் கரும்பூசணம் வளர்கிறது. காய்ப்பு குறையலாம், இதனால் மட்டும் மரம் சாகாது. வெட்ட வேண்டாம். ரசாயன மருந்தும் அடிக்க வேண்டாம், ஈயை அழிக்கும் நன்மை செய்யும் குளவியும் சேர்ந்து செத்துவிடும். ஓலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், கரும்பூசணத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா என்று பசை காய்ச்சித் தெளித்தால் காய்ந்து செதிலாக உதிரும். இலை விலா எலும்பு போல வளைந்தாலோ, அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிந்தாலோ தாமதிக்காமல் தோட்டக்கலைத் துறையில் காட்டுங்கள். சாறு வடிவது வேறு நோய், தஞ்சாவூர் வாடல் என்று பெயர்.

ட்ரோன் விஷயம்: வாடகைக்குக் கிடைக்கும் சாதா கேமரா ட்ரோனில் அகச்சிவப்பு வராது, பூக்கல்யாண வீடியோ மாதிரிதான் வரும். அகச்சிவப்புக் கேமரா உள்ளது கிடைத்தாலும், மரம் சுகமில்லை என்று மட்டும்தான் சொல்லும். தண்ணீர் இல்லாமலா, சத்துக் குறைவா, பூச்சியா என்று சொல்லாது. 1970-லும் அவர்கள் தரைக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. நம்மிடம் இருப்பது நூற்றுக்கும் குறைவான மரங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தே பார்த்துவிடலாம்.

வானத்திலிருந்து பார்க்கும் ஆசை இருந்தால் காசு வேண்டாம். இஸ்ரோவின் புவன் தளத்தை கணினியிலோ போனிலோ திறந்து நம் ஊர் பெயரைத் தேடுங்கள். மலையும் கோட்டையும் சேலம் ரோடும் கண்ணில் படும். கொஞ்சம் மேற்கே தள்ளிக்கொண்டே போனால் கல்வராயன் மலை.